ஊழியத்துக்குப் போகிறோம், பிள்ளைகளை என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பது சில வரிகள்தான். கணவரும் நீங்களும் வேறு மொழி பேசுகிற தொலைவான ஒரு பணித்தளத்துக்குப் போக ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் மகளை மிஷனரிப் பிள்ளைகளுக்கான ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், விசுவாசியுங்கள்" என்று எல்லாரும் சொன்ன பிறகும் இரவில் தூக்கம் வரவில்லை, இது அவிசுவாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படுவது பாவமா என்பது மட்டும் உங்கள் கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்டவரை நம்புகிற ஒரு தாய் அந்தப் பயத்தை அடக்கிக்கொள்ள வேண்டுமா, அது சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டுமா என்றுதான் கேட்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன், சகோதரி.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவரும் இருபத்திரண்டு வருஷம் பணித்தளத்தில் இருந்தோம். மூன்று பிள்ளைகள். மூத்தவளை ஹாஸ்டலில் விட்டோம். இரண்டாவது பையனை வீட்டில் வைத்தே படிக்க வைத்தோம். கடைசி மகளுக்காகப் பணித்தளத்தையே மாற்றிக் கேட்டு வாங்கினோம். அதற்குப் பிறகு பதினோரு வருஷமாக மிஷனரிக் குடும்பங்களைப் போய்ப் பார்த்து, அவர்களோடு தங்கி, பேசுகிற வேலை. நான் மனநல மருத்துவர் அல்ல. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அனுப்புங்கள் என்றோ அனுப்பாதீர்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

மோசேயின் தாயிடமிருந்து தொடங்குகிறேன். பிள்ளையை ஆண்டவரிடம் ஒப்படைப்பது பற்றிப் பேசும்போது நாணற்பெட்டி இல்லாத பிரசங்கம் இல்லை. ஆனால் பெட்டியை ஆற்றில் விட்டதோடு பிரசங்கம் முடிந்துவிடும். யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மூன்று மாதம் அவள் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாள். இனி முடியாது என்ற பிறகுதான் பெட்டியை எடுக்கிறாள். அதற்குப் பிசினும் கீலும் பூசுகிறாள். ஆற்றின் நடுவில் விடாமல் கரையோர நாணலுக்குள்ளே வைக்கிறாள். பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அவனுடைய அக்கா தூரத்தில் நிற்கிறாள். அந்த அக்கா நின்றதால்தான் பார்வோன் மகளிடம் ஓடிப்போய், பால் கொடுக்க ஒரு ஸ்திரீயை அழைத்து வரட்டுமா என்று கேட்க முடிந்தது; பிள்ளை தாயின் மடிக்கே திரும்பியது. எபிரெயர் பதினொன்றாம் அதிகாரம் அந்தப் பெற்றோரின் விசுவாசத்துக்கு எதை அடையாளமாகச் சொல்கிறது தெரியுமா? ஆற்றில் விட்டதை அல்ல, மூன்று மாதம் ஒளித்து வைத்ததை. உங்களிடம் விசுவாசியுங்கள் என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. பிசின் பூசுவதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உங்களைத் தூங்கவிடாத அந்தப் பயம் பெட்டியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தடவிப் பார்க்கிற கை. அதை முதலில் அதன் வேலையைச் செய்யவிடுங்கள்.

உடனே யாராவது ஒருவர், மகனையாவது மகளையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்ற வசனத்தை எடுத்து நீட்டுவார். எனக்கும் நீட்டினார்கள். அந்த வசனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஊழியமும் ஆண்டவரும் ஒன்றல்ல. நம்மை அனுப்புகிற மிஷன் ஸ்தாபனத்தின் கால அட்டவணையும் ஆண்டவரும் நிச்சயமாக ஒன்றல்ல. அதே புதிய ஏற்பாட்டில், தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். இரண்டு வசனத்தையும் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம்தான். மகன் ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாமை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, மோரியா மலையில் அவர் கத்தியை எடுத்த பிறகு கேட்ட சத்தம் பிள்ளையின்மேல் கையைப் போடாதே என்பதுதான்.

இனி என் மகளின் கதை. இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம் உண்டு. எட்டு வயதில் அவளை விட்டோம். விடுகிற அன்று அவள் அழவில்லை. அதை நான் சபைகளில் சாட்சியாகவே சொன்னேன், ஆண்டவர் எவ்வளவு கிருபை கொடுத்தார் பாருங்கள் என்று. முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "ஆன்ட்டி, தண்ணீர் குடிக்கலாமா?" என்று கேட்டாள். கேட்ட அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். உன் வீடுதானே, போய்க் குடி என்றேன். அவளும் சிரித்தாள். பானை இருந்த இடத்துக்குப் போய், டம்ளரை எடுத்து, மறுபடியும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த விடுமுறை முழுவதும் அப்படித்தான். சாப்பிட்டு எழுந்திருக்க, விளக்கை அணைக்க, வெளியே போக, எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். எனக்குப் புரிய இன்னும் நான்கு வருஷம் ஆனது. அதற்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

அவளுக்கு அங்கே பெரிய கொடுமை எதுவும் நடக்கவில்லை. வார்டன் நல்ல பெண்மணி. அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்றால் யாராக இருந்தாலும் அவ்வளவுதான் முடியும். கடிதங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து எழுதுவது. எழுதியதை வார்டன் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவார். நான் சுகம், நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று மூன்று வரி ஒவ்வொரு வாரமும் வரும். ஒன்றுமே எழுதவில்லையே இவள் என்று எனக்கு உறைத்ததே இல்லை. சரியாகச் சொன்னால், உறைக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இந்த மௌனம்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. மிஷனரிப் பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைப் பெற்றோரிடம் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நான் சொன்னால் அப்பா ஊழியத்தை விட்டுவிட்டு வரவேண்டி இருக்கும், அதனால் அங்கே உள்ள ஜனங்கள் ஆண்டவரை அறியாமல் போவார்கள், அது என் தப்பு ஆகிவிடும். எட்டு வயதுப் பிள்ளை இப்படி யோசிக்குமா என்று கேட்காதீர்கள். யோசிக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் மாமூ என்ற ஊரில் இருந்த மிஷனரிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியைப் பற்றி 1990களில் ஒரு சுதந்திர விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அங்கே பல வருஷங்களாகப் பிள்ளைகள் கொடுமைப்படுத்தப்பட்டது உண்மை என்று அந்தக் குழு உறுதி செய்தது. செனகல் நாட்டில் ஃபாண்டா என்ற இடத்தில் இருந்த இன்னொரு பள்ளியைப் பற்றி 2010இல் வந்த அறிக்கையும் அதேபோன்ற கதையைத்தான் சொன்னது. புகார் சொன்னவர்கள் அப்போது வளர்ந்து பெரியவர்களாகிவிட்டவர்கள்; சிறு வயதில் பெற்றோரின் ஊழியத்துக்குப் பங்கம் வந்துவிடுமே என்று வாயை மூடியிருந்தவர்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான ஹாஸ்டல்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஆனால் ஆகாரும் அவள் மகன் இஸ்மவேலும் வனாந்தரத்தில் இருந்தபோது தாய்தான் சத்தமிட்டு அழுதாள் என்று எழுதியிருக்கிறது. தேவன் கேட்டதோ பிள்ளையின் சத்தத்தை. நாம் ஜெபத்தில் நம் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மிஷனரி சரித்திரம் இதில் உதவுமா என்றால், பாதி உதவும். கூட்டங்களில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய இரண்டு பேரைச் சொல்கிறேன். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில், 1923இல், தங்கையோடு இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். 1929இல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இறந்த செய்தி தந்தியில் முதலில் வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிப்போட்ட கடிதங்கள் கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பையன் டாக்டராகி 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைத்தார். அந்த மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த மிஷனரி மகள்தான். பதின்ம வயதில் பெற்றோர் அவரை அமெரிக்காவில் உறவினரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். நான் மிஷனரி ஆகவே மாட்டேன் என்றிருந்தவர், தாயின் சுகவீனத்தால் 1890இல் திண்டிவனம் வந்து, ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்ததை அறிந்து மனம் மாறினார்.

பாருங்கள், விட்ட பிள்ளைகளை ஆண்டவர் எப்படி எடுத்து உபயோகித்தார் என்று இதை முடிப்பது சுலபம். நானும் முடித்திருக்கிறேன். இப்போது முடிப்பதில்லை. இவர்களுடைய கதை எழுதப்பட்டது, ஏனென்றால் இவர்கள் திரும்பி வந்தார்கள். அதே கப்பல்களில் போய் விசுவாசத்தையும் பெற்றோரையும் விட்டு விலகிப்போன பிள்ளைகளுக்கு ஜீவசரித்திரம் எழுதுகிறவர் யார்? வங்காளத்தில் ஊழியம் செய்து பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் கேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வந்த அடுத்த வருஷம், 1794இல், ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரதிக்கு மனநிலை பாதித்து 1807இல் சாகும்வரை சரியாகவில்லை. கேரி மொழிபெயர்ப்பில் மூழ்கியிருக்க, பையன்கள் கட்டுப்பாடில்லாமல் வளர்ந்தார்கள். 1800இல் அந்தக் குடும்பம் செராம்பூருக்கு வந்த பிறகு, அவர்களைப் பிள்ளைகளாகப் பார்த்து வழிக்குக் கொண்டுவந்தவர்கள் உடன் ஊழியர்களான ஹன்னா மார்ஷ்மேனும் வில்லியம் வார்டும். பைபிள் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஹன்னா மார்ஷ்மேனைப் பற்றி நாம் பேசுவதில்லை. பணித்தளத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு ஹன்னா மார்ஷ்மேனாக யார் இருக்கப்போகிறார் என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது.

எரிக் லிடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிம்பிக் ஓட்டத்துக்காக எல்லாருக்கும் தெரிந்தவர். அவரும் சீனாவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கிலாந்தில் மிஷனரிப் பிள்ளைகளின் பள்ளியில் விடப்பட்டவர். பிறகு தானே சீனாவில் மிஷனரியாக இருந்தபோது போர் நெருங்கியது. 1941இல் கர்ப்பமாக இருந்த மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் தங்கினார். 1945 பிப்ரவரியில் தடுப்பு முகாமில் இறந்தார். மூன்றாவது மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் செய்தது சரியா? பிள்ளைகளை ஆபத்திலிருந்து விலக்கியது சரி என்று தயங்காமல் சொல்வேன். தான் தங்கியதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஹாஸ்டலா வீடா என்று கேட்டால், பொதுவான பதில் எதையும் நான் நம்புவதில்லை. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்த என் மகன் எங்களோடு மிக நெருக்கம். ஆனால் பதினான்கு வயதுவரை அவனுக்குத் தன் வயதில், தன் மொழியில் பேச ஒரு நண்பன் இல்லை. அதை அவன் இன்றும் குறையாகச் சொல்கிறான். ஹாஸ்டலில் வளர்ந்த என் மகளுக்கோ உடன்பிறப்புகள் போல ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஆக, நீங்கள் தேர்ந்தெடுப்பது எந்த இழப்பை என்றுதான். சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு இரண்டு பேருமே இன்னும் தடுமாறுகிறார்கள். இப்படி வளர்கிற பிள்ளைகளை மூன்றாம் கலாசாரப் பிள்ளைகள் என்று சொல்வார்கள். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் யூசிம் என்ற சமூகவியலாளர் கொண்டுவந்த பெயர் அது. பெற்றோரின் கலாசாரமும் முழுதாக இல்லை, வாழ்கிற இடத்தின் கலாசாரமும் முழுதாக இல்லை. இடையில் தங்களுக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள். அது நோய் அல்ல. ஆனால் அடிக்கடி விடைபெற்றுப் பழகிய பிள்ளை, விடைபெறும் முன்பே மனதை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். என் மகள் விடுகிற அன்று அழாததற்குக் காரணம் கிருபை என்று நான் சொன்னேனே, அதற்கு முன் இரண்டு வருஷத்தில் நாங்கள் மூன்று இடம் மாறியிருந்தோம் என்பதையும் அந்தச் சாட்சியில் சேர்த்திருக்க வேண்டும்.

உங்கள் நான்கு வயது மகனைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அவன் புது மொழியை உங்களுக்கு முன்பே பேசிவிடுவான். நீங்கள் இரண்டு பேரும் மொழி தெரியாமல் எரிச்சலில் இருக்கும் அந்த முதல் வருஷத்தில் அவனோடு ஒருவராவது பொறுமையாக இருந்தால் போதும்.

நல்லபடியாக நடத்தினால் பிள்ளை முதிர்வயதிலும் விலகாது என்ற நீதிமொழியை நம்பலாமா என்று யாரும் வெளியே கேட்பதில்லை, ஆனால் எல்லா மிஷனரிப் பெற்றோரும் உள்ளே கேட்கிறார்கள். அது வாழ்க்கையின் பொதுவான போக்கைச் சொல்லும் ஞானவாக்கு. நாம் ஊழியம் செய்தால் ஆண்டவர் பிள்ளையை விலகாமல் காத்துத் தருவார் என்று எழுதி வாங்கிய ஒப்பந்தப் பத்திரம் அல்ல என்பது என் புரிதல். சாமுவேலைப் போல ஆலயத்திலேயே வளர்ந்தவர் யார்? அவர் பிள்ளைகள் பரிதானம் வாங்கினார்கள். அதற்காக அவரைத் தேவன் தள்ளிவிடவில்லை. ஆண்டவரை நம்புவது என்றால் இப்போது எனக்கு, என் பிள்ளையின் முடிவு என் கையில் இல்லை என்று ஒத்துக்கொள்வது. என் பிள்ளையின் இன்றைய நாள் பெருமளவு என் கையில்தான் இருக்கிறது. இதையும் அதையும் குழப்பிக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. முடிவை நினைத்து இரவெல்லாம் ஜெபித்தேன். இன்றைக்கு அவள் யாரோடு சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை.

சாமுவேலின் தாய் அன்னாள் அதைக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். ஆலயத்தில் விட்ட அவனைப் பார்க்க வருஷந்தோறும் போகும்போது அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாளாம். ஒரு வருஷமாகப் பார்க்காத பிள்ளைக்குச் சட்டை தைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் தைத்திருக்கிறேன். தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதிலேயே அவளை வளர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் சின்னதாகத்தான் போனது.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முடிவைச் சொல்லும் முன் மகளிடம் பேசுங்கள். உனக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்காதீர்கள், ஏனென்றால் அவள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சம்மதம் என்பாள். நீ வேண்டாம் என்றால் அப்பா அம்மா கோபப்பட மாட்டோம், ஆண்டவரும் கோபப்பட மாட்டார் என்று அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். ஸ்தாபனத்திடம் ஒரு வருஷம் மட்டும் பார்க்கிறோம், அதன்பின் அவள் நிலைமையைப் பார்த்து பணித்தளத்தை மாற்றிக் கேட்போம் என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். பிறகு வாங்குவது கஷ்டம். யாரும் பக்கத்தில் இல்லாமல் அவள் உங்களோடு போனில் பேச வாரம் ஒரு நேரம் வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு மறுப்புச் சொல்கிற இடத்தில் நான் பிள்ளையை விடமாட்டேன். இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கும் சூழ்நிலைக்கு என்ன விதி, புகார் வந்தால் ஸ்தாபனத்துக்கு வெளியே யாரிடம் போகும் என்றும் கேளுங்கள். எழுதி வைத்த விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் நேரில் போய் அந்த ஹாஸ்டலில் ஒரு இரவு தங்குங்கள். பகலில் எல்லா ஹாஸ்டலும் நன்றாகத்தான் இருக்கும். விளக்கு அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் படுத்திருக்கும் பக்கம் நடந்து பாருங்கள். மறுநாள் காலையில் வார்டனிடம், ராத்திரியில் ஒரு பிள்ளை அழுதால் எழுந்து போவது யார் என்று கேளுங்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். ஒரு ஆளின் பெயர் வந்தால், அந்த ஆளைக் கூப்பிடச் சொல்லி அவரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள்.